வெட்டம் குறைவு

எங்கள் புகைப்புரைக்குக் கிழக்கே பார்த்த சுவர் ஒன்று உண்டு. ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டு, அடியில் விறகும் தேங்காய்த் தொண்டும் எரித்துப் புகை காட்டுகிற சின்னக் கட்டடம் அது. உள்ளே எல்லாம் கரி. வெளிச்சுவர் மட்டும் வெள்ளை. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் லீலா என்னைப் பிடித்துச் சுண்ணாம்பு அடிக்க வைத்துவிடுவாள். லீலா என் மனைவி.

அந்தச் சுவருக்கு நேரே எங்கள் பழைய காரை நிறுத்தியிருந்தோம். மோந்தி நேரம். எங்கள் பக்கத்தில் அந்திக்கு மோந்தி என்று பேர். மழை விட்டு, ரப்பர் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. பானெட்டை அப்போதுதான் இறக்கியிருந்தேன். என் கை முழங்கை வரைக்கும் கறுப்பு. லீலா ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"போடு" என்றேன்.

ஸ்விட்சைப் போட்டாள். சுவரில் இரண்டு வட்டம் விழுந்தது. ஐந்தாறு மாதமாக நான் பார்த்துச் சலித்த அந்த நோஞ்சான் மஞ்சள் இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. போன வருஷம் நான் சுண்ணாம்பு மட்டை இழுத்த தடம்கூடச் சுவரில் தெரிந்தது. எனக்கு அந்த வயதிலும் குதிக்கத் தோன்றியது.

"எப்பிடி இருக்கு?" என்று கத்தினேன்.

லீலா கண்ணாடிக்குப் பின்னால் கண்ணைச் சுருக்கினாள்.

"கொள்ளாம். நல்லா இருக்கு. ஆனா ஒண்ணுதான் எரியுது."

"ஒண்ணா? கண்ணத் தொறந்து பாருட்டி. ரெண்டும் எரியுது."

"வலத்த பக்கம் இல்லயே" என்றாள். பிறகு தலையை லேசாகத் திருப்பினாள். "இப்பம் அது எரியுது, இது அணஞ்சு போச்சு. நீங்க என்ன, வயரப் பிடிச்சுக் களிக்குதியளா?"

என் இரண்டு கையும் சும்மா இருந்தது. ஒன்று பானெட்டின் மேல், ஒன்று இடுப்பில். சுவரில் இரண்டு வட்டமும் ஆடாமல் அசையாமல் நின்றன.

என் மனைவியின் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அந்தச் சுவரில்தான். காரின் கண்ணை நேராக்கி முடித்த அதே நிமிஷத்தில்.

இந்த வாராந்தரப் பத்தியில் இதை எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை வாரமும் ஒதுக்கி வைத்திருந்தேன். ஒரு வாசகர் விடவில்லை. "வீட்டில் கார் இருந்ததாக முன்பு எழுதினீர்கள். இப்போது எந்த வாரம் பார்த்தாலும் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறீர்கள். பெட்ரோலுக்குக் கஞ்சத்தனமா?" என்று கேட்டிருக்கிறார். கஞ்சத்தனம் இல்லை ஐயா. கேளுங்கள்.

ஓட்டுகிறவள் அவள், நோக்குகிறவன் நான்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு தடவை முயன்றேன். வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டு, வாழைக்குழி ஒன்றில் முன்சக்கரத்தை இறக்கிவிட்டு, இறங்கி நடந்து வந்துவிட்டேன். அத்தோடு சரி.

லீலா மஸ்கட்டில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தவள். அங்கேதான் ஓட்டப் படித்தாள். லைசென்ஸ் டெஸ்டில் நாலு தடவை தோற்று ஐந்தாவது தடவை பாஸானாள். அன்றைக்கு எனக்குப் போன் போட்டு அழுதாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. ஊருக்கு வந்து முதல் காரியமாக மார்த்தாண்டத்தில் ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்டாக இந்த வெள்ளைக் காரை வாங்கினாள். அப்போதே அது பழசு.

அங்கே ஸ்டீரிங் இடது பக்கம், கியர் வலது கையில். இங்கே நேர்மாறு. முதல் ஒரு மாதம் கியர் மாற்ற வேண்டிய இடத்திலெல்லாம் வலது கையால் கதவுப் பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். குலசேகரம் சந்தையில் வைத்து ஒருமுறை கதவு திறந்தே விட்டது. பக்கத்தில் நடந்த ஒருவர், "அக்கா, எறங்கப் போறியளா?" என்று கேட்டார். நான் சீட்டில் சரிந்து சிரித்தேன். அவள் ஒரு வாரம் என்னை வண்டியில் ஏற்றவில்லை.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. பெண்டாட்டி ஓட்ட, மாப்பிள்ளை இடது பக்கம் உட்கார்ந்து சைடு சொல்கிறான் என்பார்கள். சொல்லட்டும். வண்டியை ஓட்டுகிறது அவள், நோக்குகிறது, அதாவது பழுது பார்க்கிறது, நான் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. சின்ன வயதில் நாலு வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். கரண்டு விஷயத்தில் எவனும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கார் அவளுக்கு வெறும் வண்டி இல்லை. நாலு பேர் எதிரில் யாரையும் எதிர்பார்க்காமல் எழுந்து போகிற சுதந்திரம் அது. பெருஞ்சாணி அணை வரைக்கும் சும்மா போய், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். என்னத்துக்கு என்று கேட்டால், "சும்மாதான். போணும்னு தோணிச்சு, போனேன்" என்பாள்.

ஒரு சொல்

ஒரு மழைக்காலத் தொடக்கம். சபையில் மாலை ஆராதனை முடிந்து திரும்பி வந்தோம். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"வெட்டம் கொறவா இருக்கு, பாத்தியளா" என்றாள்.

வெட்டம் என்றால் வெளிச்சம். மேற்கே போகப் போக மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் வெளிச்சம் என்று யாரும் சொல்வதில்லை. விளக்கின் வெளிச்சமும் வெட்டம்தான். விடிகிறதும் வெட்டம் வைக்கிறதுதான். வயதானவர்கள் கண் தெரியவில்லை என்று சொல்வதற்கும் அதே சொல்தான். கண்ணில் வெட்டம் இல்லை என்பார்கள்.

அவள் காருக்கு என்று சொல்லவில்லை. கண்ணுக்கு என்றும் சொல்லவில்லை. வெட்டம் குறைவு, அவ்வளவுதான். கையில் ஸ்டீரிங் இருந்தது, எதிரே இரண்டு லைட் இருந்தது. நான் என்ன நினைப்பேன்? இறங்கிப் போய்ப் பார்த்தேன். லைட் உண்மையாகவே மங்கலாகத்தான் எரிந்தது. அதுதான் எங்கள் கெட்ட காலம். காரில் ஒரு கோளாறும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே அவள் முகத்தைப் பார்த்திருப்பேன்.

"நான் நோக்குதேன். நீ கவலப்படாத" என்றேன்.

"சரி" என்றாள். அந்தச் சரி கொஞ்சம் தாமதமாக வந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

பல்பு, பேட்டரி, பல்பொடி

முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். பல்பொடி போட்டுத் தேய்த்தேன். அது கண்ணாடி, பிளாஸ்டிக் இல்லை. பழுக்கவே பழுக்காத கண்ணாடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். வண்டிக்கு வாய் மணத்ததுதான் மிச்சம்.

அடுத்தது பல்பு. கடைக்காரர் கூடுதல் வாட்டில் ஒன்று கொடுத்தார். "இதப் போட்டா மானத்து நட்சத்திரம் வர தெரியும்" என்றார். போட்டேன். வெட்டம் கூடுவதற்குப் பதில் இன்னும் சிவந்தது. கால்மணி நேரத்தில் ஸ்விட்சிலிருந்து பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. பழைய பல்பையே திரும்பப் போட்டேன்.

பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததை வெந்நீர் விட்டுக் கழுவினேன். அதற்குப் பிறகு டைனமோ மேல் சந்தேகம். லீலாவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி நான் முன்னால் நின்று பார்ப்பேன்.

"கூடுதா?"

"நீங்கதான முன்ன நிக்கிதிய. எனக்குத் தெரியல்ல."

"சொவருல பாரு."

"கூடுத மாதிரி இருக்கு."

மாதங்கள் இப்படியே போயின. ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டு, "இப்பம் சரியாச்சா?" என்று கேட்பேன். "கொஞ்சம் கொள்ளாம்" என்பாள். நாலு நாள் கழித்து மறுபடியும் வெட்டம் குறைவு என்பாள். எனக்கு எரிச்சல் வரும். அவள் மேல் இல்லை, வண்டி மேல். வண்டியைச் சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கிறேன்.

நேராகத் தங்கப்பனிடம் போயிருக்க வேண்டும். தங்கப்பன் ஆட்டோ எலக்ட்ரிசியன், குலசேகரத்தில் கடை. கெட்டிக்காரன். ஆனால் எனக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை. எப்போதோ ஒரு ஹாரன் விஷயத்தில், "அண்ணாச்சி, ஒங்களுக்கு காயில் கெட்டத் தெரியும், கார் தெரியாது" என்று பத்து பேர் நடுவில் சொல்லிவிட்டான். அந்த ஒரு வாக்கியத்துக்காக ஐந்து மாதம் அவன் கடைப் பக்கம் போகாமல் இருந்தேன். அந்த ஐந்து மாதத்தை இன்று யாரிடம் போய்க் கேட்பேன்?

நான் காணாதவை

அந்த மாதங்களில் நடந்ததையெல்லாம் இப்போது வரிசையாக நினைக்க முடிகிறது. அப்போது வரிசையாக இல்லை, ஒன்றொன்றாக உதிரியாகக் கிடந்தன.

சாயா ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். ஷீட் உலர்த்துகிற கொடியில் நெற்றியை இடித்துக்கொண்டாள், அது இருபது வருஷமாக அதே இடத்தில் கிடக்கிற கொடி. சபையில் பக்கத்தில் வந்து நின்றவர்களைக் கவனிக்காமல் திரும்பி, இரண்டு பேரை இடித்து, லீலாவுக்கு மஸ்கட் கெத்து இன்னும் போகவில்லை என்று பேர் வாங்கினாள். மோந்திக்கு வண்டி எடுப்பதை நிறுத்தினாள். பிறகு மழையில் எடுப்பதை நிறுத்தினாள். பகலில் போகும்போதும் முக்குத் திரும்புகிற இடத்தில், "அந்தப் பக்கம் ஆளு வருதா, பாருங்க" என்பாள்.

"நான் சைடு சொன்னா ஊரு சிரிக்கும்னு சொன்னியே" என்று கேலி செய்தேன்.

ஒரு நாள் வெட்டம் வைக்குமுன் சொசைட்டிக்குச் சைக்கிளில் பால் கொண்டுபோனவரை உரசிவிட்டாள். நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் இல்லை. கேன் சாய்ந்து ரோடெல்லாம் பால். அவர் எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, "அக்கா, நான் ஒங்களுக்கு முன்னதான போனேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆச்சரியமாகச் சொன்னார்.

லீலா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தாள்.

"நான் காணல்ல" என்றாள். "சத்தியமா நான் காணல்ல."

"எப்பிடிக் காணும்? இந்த வெட்டத்துல யாருக்குத்தான் காணும்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். நான் அதற்குள் இறங்கி லைட்டைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் தங்கப்பன் கடைக்கு வண்டியை அவளே மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தாள்.

ரப்பர் பால் செய்த வேலை

தங்கப்பன் பழசை ஒன்றும் பேசவில்லை. மீட்டரை எடுத்தான். பேட்டரியில் வைத்தான், பல்பு ஹோல்டரில் வைத்தான், தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, பேட்டரில பதினாலு வோல்ட் இருக்கு. பல்புகிட்ட வரும்போ ஒம்பதர. நடுவுல உள்ளத எவனோ வழியில குடிக்குதான்."

ஒரு துண்டு வயரை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து லைட்டின் கறுப்பு வயருக்கு நேராகக் கொடுத்தான். பட்டப்பகலில் லைட் பளீரென்று எரிந்தது. அரை நிமிஷ வேலை.

"எர்த்தாக்கும்" என்றான். "போன கரண்டு திரும்பி வர வழி வேணும்லா. கறுப்பு வயர பாடில முடுக்கின எடத்துல கம்பி அரிச்சிருக்கும். கழத்திச் சொரண்டி முடுக்கினாப் போதும். நான் செய்யட்டா?"

"வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். திமிர் அப்போதும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து பேட்டரியைக் கழற்றி, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டேன். போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கொழுக்கட்டை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. காய்ந்து பழுப்பேறிய ரப்பர்.

இந்த இடத்தில் ரப்பர் பாலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது சர்வரோக நிவாரணி. வாளி ஓட்டையா, ரப்பர் பால். குடை கிழிந்ததா, ரப்பர் பால். செருப்பு வார், பந்து, ஹோஸ் பைப், எல்லாவற்றுக்கும் ரப்பர் பால். என் சித்தப்பா ஒருவர் காலில் பித்தவெடிப்புக்குப் பூசிவிட்டு, இரண்டு நாள் சாக்ஸ் போட்ட மாதிரி நடந்தார். உரித்து எடுத்தபோது அவர் போட்ட கூச்சல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

அப்படித்தான் இரண்டு மழைக்கு முன்னால் நானும் செய்திருக்கிறேன். வண்டியில் தண்ணீர் ஏறி ஹாரன் தானாக அலறியது. லீலா மழையில் போகும்போது வழியில் நின்றுவிடக் கூடாதே என்று, எர்த் போல்ட்டை நன்றாக முடுக்கி, மேலே பாலை ஊற்றி விரலால் பூசினேன். சீக்கிரம் உறையட்டும் என்று, ஷீட்டுக்கு ஊற்றுகிற ஆசிட் இரண்டு சொட்டும் விட்டேன். இனி ஒரு சொட்டு மழை உள்ளே போகாது என்று அவளிடம் பெருமையடித்ததும் நினைவிருக்கிறது.

மழை போகவில்லை. ஆசிட்தான் உள்ளேயே இருந்து செம்புக் கம்பியைத் தின்றிருக்கிறது. ரப்பரைக் கத்தியால் கீறி எடுத்தேன். கம்பி பச்சையாகப் பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. ரப்பரின் மேல் என் பெருவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. வேறு எவனையும் திட்ட வழியில்லை.

வெட்டிச் சுரண்டி, புது முனை வைத்து முடுக்கினேன். அன்றைக்கு மோந்திக்குத்தான் அவளைக் கூப்பிட்டுச் சுவருக்கு நேரே உட்காரவைத்து, போடு என்றது. மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. லீலா லைட்டை அணைத்துவிட்டு வெகுநேரம் வண்டியிலேயே இருந்தாள். நான் கதவைத் திறந்தேன். அவள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். பிறகு அதை எடுத்து இடது கண்ணைப் பொத்தினாள். அப்படியே இருந்தாள்.

"எனக்குக் கையக் கொஞ்சம் தாங்க" என்றாள்.

பொத்தான்

நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில்தான் போனோம். அங்கே ஒரு மெஷின் இருந்தது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சப் புள்ளி வந்து போகும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும்.

திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பொத்தான் டிக் என்றது. கொஞ்சம் கழித்து டிக். பிறகு சத்தமே இல்லை. மெஷின் உள்ளே உறுமிக்கொண்டு புள்ளிகளைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது, அது எனக்குக் கேட்டது. பொத்தான் கேட்கவில்லை. அமுக்குட்டி, அமுக்குட்டி என்று வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற தகப்பன் மாதிரி இருந்தேன்.

உள்ளே இருந்த பெண், "தெரிஞ்சா மட்டும் அமுக்குங்கம்மா" என்றாள்.

"தெரிஞ்சா அமுக்க மாட்டேனா?" என்றாள் லீலா.

டாக்டரம்மா சின்ன வயது. மதுரைப் பக்கம். வலது கண்ணின் தாளைக் காட்டினார். கிட்டத்தட்ட முழுக்கக் கறுப்பு. இடது கண்ணில் நடுவே மட்டும் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கருகியிருக்கிறது, வலியே இருக்காது, ஓரத்திலிருந்துதான் போகும் என்றார். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கப் பார்க்கலாம்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். எப்ப இருந்து இப்படி?"

நான்தான் சொன்னேன். "போன மழைக்கே வெட்டம் கொறவுன்னு சொன்னா. நான் காருன்னு நெனச்சிட்டேன், டாக்டர்."

"வெட்டம்னா?"

வாயைத் திறந்தேன். பிறந்த நாளிலிருந்து சொல்கிற சொல். அதற்கு அர்த்தம் சொல்ல என்னால் முடியவில்லை.

"வெளிச்சம், டாக்டர்" என்றாள் லீலா.

டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தாளில் எழுதத் தொடங்கினார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இடது கண்ணிலும் வெளிச்சம் குறைகிற மாதிரித் தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பஸ்ஸில்

திரும்புகிற பஸ் தக்கலை தாண்டியது. ஜன்னலோரம் அவள். வெளியே பார்த்தபடி வந்தாள். எவ்வளவு பார்த்தாளோ.

நான் கேட்டேவிட்டேன். "நீ அண்ணைக்கு வெட்டம்னு சொன்னது வண்டிக்கா, கண்ணுக்கா?"

"கண்ணுக்குத்தான் சொன்னேன்."

"பின்ன ஏன்டி என்ன விட்ட? நீ நர்சுல்லா. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்க அம்மைக்கும் இப்பிடித்தான் போச்சு. தெரியாம இருக்குமா?" என்றாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்ன ஒடன நீங்க போயி லைட்டப் பாத்திய. மங்கலாத்தான் இருக்குன்னு சொன்னிய. அப்பம் எனக்கு ஒரு சமாதானம். ஒருவேள வண்டியா இருக்கும். வண்டியா இருந்தா நல்லதுல்லியா. நீங்க ஒவ்வொண்ணா மாத்தும்போ நானும் ஜெபம் பண்ணுவேன், இதோட சரியாயிரணும்னு."

பிறகு சொன்னாள். "அண்ணைக்கு நீங்க நேராக்கிட்டு, எப்பிடி இருக்குன்னு கேட்டிய பாருங்க. அப்பம்தான் எனக்குப் பேடி, ஒரு பயம் வந்து. வண்டிக்க கொறவு தீந்து போச்சு. பின்ன மிச்சம் நான்தானே."

அவள் கையைப் பிடித்தேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டார். ஏற்கெனவே எடுத்தாயிற்று. அவள்தான் பையைத் துழாவி எடுத்துக் காட்டினாள்.

காரை விற்றுவிட்டோம். வாங்க வந்தவர் லைட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பழைய வண்டிக்கு இம்புட்டு வெட்டமா?" என்றார். லீலா சிரித்தாள். "எனக்க மாப்பிள நேராக்கினதாக்கும்" என்றாள். கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் புகைப்புரைக்குள் போய் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அதனால்தான் பஸ், வாசக நண்பரே.

காலையும் ராத்திரியும் மணி பார்த்து நான்தான் மருந்து விடுகிறேன். ஒரு வேளையும் தவறியதில்லை. இவ்வளவு ஒழுங்காக நான் எதையும் வாழ்க்கையில் செய்ததில்லை. செய்து என்ன?

இன்று மோந்திக்கு முன்கூடத்தில் உட்கார்ந்து இந்த வாரத்துக்கு வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். லீலா அடுக்களையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது.

"கேட்டியளா, வெட்டம் கொறவா இருக்கு" என்றாள்.

எழுந்து போனேன். அடுக்களை பல்பு எப்போதும் போல் எரிந்துகொண்டிருந்தது. பலகையில் வெங்காயத்தின் நரம்பு வரைக்கும் தெரிந்தது. அவள் பல்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணால், நேராக.

நாகர்கோவிலுக்கு முதல் பஸ் விடிகாலை ஐந்தரைக்கு. அதற்கு நடுவில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தது.

"வோல்டேஜ் கொறவாக்கும்" என்றேன்.

"அப்பிடித்தான் இருக்கும், இல்லியா?" என்றாள்.

"ஆமா. நான் நோக்குதேன்."

டெஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே போய், அவளுக்குக் கேட்கும்படி மெயின் பெட்டியைத் திறந்தேன்.